தோட்டத்து லோரிகள் – 9: மரச்சட்டத்தைக் கழற்றுமுன்

ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கத் தோட்டங்களில் ஓடிய பழைய லோரியைப் புதுப்பிக்க எடுத்தால், கேபினிலும் பின்தொட்டியிலும் உள்ள மரச்சட்டத்தைப் பிடுங்கிவிட்டு இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் அடித்துவிடலாம் என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். இரும்பைக் கையாளத் தெரியாத காலத்து ஏற்பாடுதான் மரம் என்ற எண்ணம் அதற்குக் காரணம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1914இலேயே எட்வர்ட் பட் டாட்ஜ் கார்களுக்கு முழு இரும்பு உடல் செய்து கொடுக்க ஒப்புக்கொண்டார். அதன் பிறகும் 1930கள் வரை பல தொழிற்சாலைகள் மரச்சட்டத்தின்மேல் தகடு அடித்தே வண்டி செய்தன. இரும்புத் தகட்டை அழுத்தி வடிவெடுக்கப் பெரிய எந்திரங்கள் வேண்டும். மரத்துக்குத் தச்சரும் உளியும் போதும். தமிழ்நாட்டில் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் வெறும் சேஸியின்மேல் பலகையால் பாடி கட்டும் தொழில் வேரூன்றியதற்கும் இந்த வசதி துணை நின்றது. இங்கும் அதே தேவைதான். ஜெராம் அடங்கிய கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமாரம் தோட்டத்தில் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. செம்பனைக் குலைகளையும் ரப்பரையும் பின்னாளில் சுமந்த லோரிகளுக்குத் தோட்டத்துக்கு அருகிலேயே செப்பனிடக்கூடிய உடல் தேவைப்பட்டது.

பாதையையும் பார்க்க வேண்டும். செம்மண் பாதையில் பாரத்தோடு போகும் லோரியின் சேஸி நேராக நிற்பதில்லை. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஒருபக்கம் முறுகும், ஏறினால் மறுபக்கம் முறுகும். போல்ட்டு போட்ட மரச்சட்டம் அந்த முறுக்கோடு சற்றே இசைந்து கொடுக்கும். விறைப்பாக வெல்டிங் அடித்த குழாய்ச் சட்டம் இசையாமல் அழுத்தத்தை எல்லாம் ஒட்டுகளில் கொண்டு சேர்க்கும். விரிசல் அங்கேதான் விழும். ஜெராமோ கடலோர ஊர். உப்பு ஈரம் குழாய்க்குள் புகுந்தால் துரு உள்ளிருந்தே தின்னும், மேலே சாயம் புதிதாகவே தெரியும். துத்தநாகம் பூசிய குழாயும் முழுத் தீர்வு அல்ல. துத்தநாகம் 907 பாகை செல்சியஸில் ஆவியாகிவிடும். இரும்பை உருக்க ஏறத்தாழ 1,500 பாகை வேண்டும். ஆகவே எந்த ஒட்டுக்குப் பாதுகாப்பு அதிகம் வேண்டுமோ, அங்கேதான் பூச்சு அழிகிறது.

மரம் உளுக்காதா, கரையான் அரிக்காதா என்பது நியாயமான கேள்வி. ஆங்கிலேய வண்டிகளில் வரும் ஆஷ் மரம் வளைந்து கொடுக்கும், ஆனால் நம் மழைக்குத் தாங்காது. அது உளுத்தால் மறுபடி ஆஷைத் தேட வேண்டியதில்லை. படகு கட்டப் பயன்படும் நம் செங்கால் மரம் கரையானையும் ஈரத்தையும் எதிர்த்து நிற்கும். விலை அதிகம்தான். ஆனால் தண்ணீர் தேங்கும் கதவடிக் கட்டையும் தூண்களின் கால்பகுதியும்தான் முதலில் போகும். அவற்றை மட்டும் மாற்றினால் போதும். உயிர்ப் பாதுகாப்பு பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. மோதலில் மரக்கேபின் ஆளைக் காக்காது. நெடுஞ்சாலையில் தினமும் ஓடப்போகும் லோரிக்கு இரும்பே வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. காட்சிக்கும் திருவிழாவுக்கும் மெல்ல ஓடும் வண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவரும் வேளையில், நம் மக்களை வேலைக்காட்டுக்கு ஏற்றிச் சென்ற தொட்டியின் பொருத்துகள் ஒரு தச்சரின் கைவேலைக்கு எஞ்சிய சாட்சி. எதை மாற்றுவதானாலும் முதலில் ஒவ்வொரு கட்டையையும் அளந்து, படமெடுத்து, எண் எழுதி வையுங்கள். உளுத்த துண்டானாலும் அடுப்பில் போடாதீர்கள். புதியதை அறுக்க அதுதான் அளவு.