ஒன்பது கட்டங்கள் காலியாக இருந்தால்

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கல்லூரி விண்ணப்பம் நிரப்ப உட்காருவது இலையுதிர் காலத்தில். பல வீடுகளில் ஒரு கடினமான பேச்சு அப்போதுதான் நடக்கிறது. மத்திய அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை எழுத விண்ணப்பத்தில் ஒன்பது கட்டங்கள் இருக்கின்றன. "அம்மா, என் நம்பர் என்ன?" என்று பிள்ளை கேட்கிறது. இரண்டு வயதிலோ ஐந்து வயதிலோ எல்லை தாண்டித் தூக்கிவரப்பட்ட பிள்ளை அது. சுற்றுலா விசா காலாவதியானபின் பெற்றோரோடு தங்கிவிட்ட பிள்ளையாகவும் இருக்கலாம். தனக்கு அந்த எண் கிடையாது என்பதும், தன்னை 'ஆவணமற்றவர்' என்ற சொல்லால் குறிப்பார்கள் என்பதும் பலருக்கு அன்றைக்குத்தான் தெரியவருகிறது.

அதற்கடுத்து அவர்கள் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறானது. கல்லூரி நமக்கில்லை, சட்டம் விடாது என்று தாங்களே தீர்மானித்துப் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் சொல்லும் மத்திய அரசுச் சட்டம் எதுவும் கிடையாது. இவர்களைக் கல்லூரியில் சேர்க்கக்கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் ஒருபோதும் சட்டம் போட்டதில்லை. குழப்பம் எங்கே வருகிறதென்றால், மூன்று தனித்தனிக் கேள்விகளை எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் கேட்கிறார்கள். இடம் கிடைக்குமா? எந்தக் கட்டணம் கேட்பார்கள்? அந்தப் பணத்துக்கு யார் உதவுவார்கள்? மூன்றுக்கும் விடை வேறு வேறு. மாநிலத்துக்கு மாநிலமும் மாறும்.

பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குவோம். டெக்சஸ் மாநிலம் 1975இல் ஒரு சட்டம் இயற்றியது. ஆவணமற்ற பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு மாநிலப் பணம் தரப்படாது என்பது அதன் சாரம். டைலர் என்ற ஊரின் பள்ளி நிர்வாகம் அத்தகைய பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 1,000 டாலர் கேட்டது. கூலி வேலை செய்யும் குடும்பங்களால் 1977இல் அவ்வளவு பணம் எப்படிக் கட்ட முடியும்? நான்கு குடும்பங்கள் வழக்குப் போட்டன. நீதிமன்றத்தில் தலைகாட்டினாலே நாடுகடத்தப்படலாம் என்ற பயத்தில், வீட்டுச் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டே வழக்குக்கு வந்தார்கள். அவர்கள் யார் கண்ணிலும் படாமல் வந்துபோகட்டும் என்று நீதிபதி வில்லியம் வெய்ன் ஜஸ்டிஸ் விசாரணையை விடிகாலையில் வைத்தார். 1982 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தப் பிள்ளைகள் பக்கம் நின்றது. பன்னிரண்டாம் வகுப்புவரை எந்தப் பிள்ளையையும் ஆவணம் இல்லை என்பதற்காக அரசுப் பள்ளி வெளியே நிறுத்த முடியாது என்ற நிலை அன்று வந்தது. ஆனால் தீர்ப்பின் கை பள்ளி வாசலோடு நின்றுவிடுகிறது. கல்லூரியைப் பற்றி அது பேசவில்லை.

அதனால் முதல் கேள்விக்கான பதிலை மாநிலங்களும் கல்லூரிகளும் சொல்கின்றன. பெரும்பாலான மாநிலங்களில் இடம் கிடைக்கத் தடை இல்லை. தென் கரோலைனா 2008இலும் அலபாமா 2011இலும் தங்கள் அரசுக் கல்லூரிகளின் கதவை அடைத்தன. ஜார்ஜியாவில் பல்கலைக்கழக ஆட்சிக்குழு 2010இல் எடுத்த முடிவால், போட்டி மிகுந்த அரசுப் பல்கலைக்கழகங்களில் இவர்களுக்கு இடம் இல்லாமல் போனது. பேராசிரியர்கள் சிலர் பொறுக்காமல் 2011இல் ஏத்தன்ஸ் நகரில் 'ஃப்ரீடம் யூனிவர்சிட்டி' என்ற பெயரில் இலவச வகுப்புகளைத் தொடங்கினார்கள். கல்லூரி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு, பட்டம் தரும் அதிகாரம் இல்லாத ஓர் அறையில் கல்லூரிப் பாடம் நடத்தினார்கள். எனக்கு இந்த விஷயத்தில் மிகுந்த மரியாதை அவர்கள் மேல்தான்.

விண்ணப்பத்தில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். 'சர்வதேச மாணவர்' என்ற பிரிவைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிச் சில அலுவலகங்களே தவறாக வழிகாட்டுகின்றன. அது வெளிநாட்டிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வருபவர்களுக்கானது. ஐந்து வயதிலிருந்து அதே ஊரில் படித்த பிள்ளைக்குப் பொருந்தாது. இரண்டாவது இடம் இன்னும் முக்கியமானது. குடியுரிமை கேட்கும் கட்டத்தில் 'அமெரிக்கக் குடிமகன்' என்று ஒருபோதும் குறிக்கக்கூடாது. பயத்திலோ அவசரத்திலோ குறித்தாலும், பொய்யாகக் குடியுரிமை கோரியதாகக் கணக்கில் ஏறினால், நாளைக்குச் சட்டப்படி குடியேறும் வழி ஏதாவது திறக்கும்போது அந்த ஒரு டிக் குறுக்கே நிற்கும். அதற்கு மன்னிப்புப் பெறுவது கிட்டத்தட்ட இயலாது. பதில் இல்லாத கட்டத்தைக் காலியாக விடுங்கள், அல்லது 'வேறு' என்ற பிரிவைத் தேடுங்கள்.

இரண்டாவது கேள்வி கட்டணம். பிள்ளைகளின் வாழ்க்கை பெரும்பாலும் இதில்தான் திசை மாறுகிறது. அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்கள் தம் மாநிலத்துப் பிள்ளைக்கு ஒரு விலையும் வெளியார்க்கு வேறொரு விலையும் வைத்திருக்கின்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 2025-26இல் புதிதாகச் சேரும் மாநிலத்து மாணவருக்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் சுமார் 15,000 டாலர். வெளியார் அதற்கு மேல் 37,602 டாலர் கட்ட வேண்டும். நான்கு ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் அந்தக் கூடுதல் மட்டும் ஒன்றரை லட்சம் டாலர். ஒரே வகுப்பில், ஒரே பாடத்துக்கு.

ஆவணமற்ற பிள்ளை எந்தக் கணக்கில் வரும்? 1996இல் நாடாளுமன்றம் ஒரு விதி செய்தது: மாநிலத்தில் குடியிருக்கிறார் என்பதற்காக ஆவணமற்றவருக்கு உயர்கல்விச் சலுகை கொடுத்தால், எந்த மாநிலத்தில் வசிக்கும் அமெரிக்கக் குடிமகனுக்கும் அதே சலுகையைக் கொடுக்க வேண்டும். பலர் இதைத் தடை என்றே படித்தார்கள். 2001இல் முதலில் டெக்சஸும் அதே ஆண்டில் கலிபோர்னியாவும் இதற்குள் ஒரு வழி கண்டுபிடித்தன. குடியிருப்பை விட்டுவிட்டு, பள்ளிப் படிப்பை அளவுகோலாக்கினார்கள். கலிபோர்னியாவின் ஏபி 540 சட்டம் முதலில் கேட்டது இவ்வளவுதான்: இங்கே மூன்று ஆண்டு உயர்நிலைப் பள்ளியில் படித்தாயா, இங்கே முடித்தாயா? வெளிமாநிலத்துக்குப் போய்விட்ட குடிமகனும் இந்தச் சலுகையைக் கேட்கலாம். அப்படிப் பலர் கேட்கவும் செய்தார்கள். அதனால்தான் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 2010இல் இது 1996ஆம் ஆண்டு விதியை மீறவில்லை என்று சொன்னது. பிறகு வந்த திருத்தங்களால், சமுதாயக் கல்லூரியிலும் வயதுவந்தோர் பள்ளியிலும் படித்த காலமும் இப்போது கணக்கில் சேர்கிறது. கல்லூரியில் ஓர் உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும். கேட்காவிட்டால் வெளியார் கட்டணத்துக்குத்தான் பில் வரும்.

டெக்சஸின் சட்டத்தில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சியின் ஆளுநர் ரிக் பெர்ரி. இருபத்து நான்கு ஆண்டு அது நின்றது. 2025 ஜூன் 4 அன்று மத்திய அரசின் நீதி அமைச்சகம் அதை எதிர்த்து வழக்குப் போட்டது. சட்டத்தைக் காக்க வேண்டிய டெக்சஸ் அரசே அன்றைக்கே ஒப்புக்கொண்டது. சில மணி நேரத்தில் சட்டம் செயலற்றுப்போனது. பாதிப் படிப்பில் இருந்த பிள்ளைகளைக் கேட்க யாரும் இல்லை. ஃப்ளோரிடா, 2014இல் தானே கொண்டுவந்த சலுகையை 2025இல் நீக்கியது. மினசோட்டா, கென்டக்கி, ஓக்லஹோமா, இல்லினாய், கலிபோர்னியா மீதும் அதே ஆண்டில் வழக்குகள் பாய்ந்தன. ஆகவே சென்ற ஆண்டு அண்ணன் கட்டிய கட்டணம் இந்த ஆண்டு தங்கைக்கு இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பணம் கட்டுவதற்கு முன் அந்தக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் அன்றைய விதியைக் கேட்டே ஆக வேண்டும்.

மூன்றாவது, உதவிப் பணம். மத்திய அரசின் கை இங்கே முழுவதும் மூடியது. பெல் உதவித்தொகை, மத்தியக் கல்விக் கடன், வேலை-படிப்புத் திட்டம் மூன்றும் ஆவணமற்றவருக்கு இல்லை. ஃபாஃப்சா என்ற மத்திய விண்ணப்பத்தை நிரப்பிப் பயனில்லை. அதற்குப் பதிலாகச் சில மாநிலங்கள் சொந்தப் படிவம் வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவின் டிரீம் ஆக்ட் விண்ணப்பம் 2011ஆம் ஆண்டுச் சட்டங்களில் பிறந்தது. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் நிரப்பலாம். அதன் வழியாகக் 'கால் கிராண்ட்' என்ற மாநில உதவித்தொகை கிடைத்தால் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அடிப்படைக் கட்டணம் முழுவதும் தீர்ந்துபோகலாம். நான்காண்டுக் கல்லூரிக்கான வழக்கமான கெடு மார்ச் 2. எண் இல்லாததால் தகுதியில்லை என்று நினைத்து அந்தத் தேதியைத் தவறவிடுவதுதான் மிகப்பெரிய இழப்பு. வாஷிங்டன், நியூ மெக்சிகோ, மினசோட்டா, நியூ ஜெர்சி, இல்லினாய், நியூயார்க் மாநிலங்களும் தங்கள் உதவியைத் திறந்துவிட்டன. நியூயார்க்கின் 2019ஆம் ஆண்டுச் சட்டம், அதற்காகப் பல ஆண்டு போராடி, அது நிறைவேறுமுன் இறந்துபோன செனட்டர் ஹோசே பெரால்டாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கையில் பணம் குறைவாக இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது சமுதாயக் கல்லூரி. கலிபோர்னியாவில் மாநிலக் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். முதல் இரண்டு ஆண்டுக்கான 60 யூனிட்டுக்கு 2,760 டாலர்தான். வருமானம் குறைந்தவர்களுக்கு அதையும் தள்ளுபடி செய்கிறார்கள். பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். அங்கிருந்து வாங்கும் பட்டமும், நான்கு ஆண்டும் அங்கேயே படித்தவர் வாங்கும் பட்டமும் ஒன்றே.

தனியார் நிறுவனங்களில் 2014இல் தொடங்கிய 'தி டிரீம் டாட் யூஎஸ்' பல ஆயிரம் பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கிறது. அது இரண்டு வகை உதவி தருகிறது. சொந்த மாநிலத்திலேயே படிக்க வழியுள்ளவர்களுக்கு ஒன்று. கதவு அடைத்த மாநிலங்களில் இருப்பவர்களை டெலவேர் ஸ்டேட் போன்ற கல்லூரிகளுக்கு அனுப்பிப் படிக்கவைப்பது இன்னொன்று. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், பொமோனா போன்ற வசதியான தனியார் கல்லூரிகள், சேர்த்துக்கொண்ட ஆவணமற்ற பிள்ளையின் தேவை முழுவதையும் தம் பணத்திலிருந்தே ஈடுகட்டுகின்றன. இடம் கிடைப்பது அரிது என்பது உண்மை. ஆனாலும் விலைப்பட்டியலைப் பார்த்துப் பயந்து விண்ணப்பிக்காமலே விட்டுவிடக்கூடாது. வங்கிக் கடனை மட்டும் கடைசியில் வையுங்கள். பெரும்பாலும் குடிமகனோ நிரந்தர வாசியோ உடன் கையெழுத்திட வேண்டும். வட்டியும் கடுமையாக இருக்கும்.

'டாக்கா' பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2012இல் அதிபர் ஒபாமா அறிவித்த அந்தத் திட்டம், சிறு வயதில் வந்த ஆவணமற்றவர்களுக்கு வேலை அனுமதியும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் தந்தது. எண் கிடைத்தாலும் மத்திய உதவித்தொகை கிடைக்காது. 2007 ஜூன் 15 முதல் அமெரிக்காவில் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இப்போது பள்ளி முடிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தத் தேதியில் பிறந்திருக்கவே இல்லை.

ஒரே வீட்டில் மூத்தவள் ஆவணமற்றவளாகவும், அங்கேயே பிறந்த தம்பி குடிமகனாகவும் இருப்பது சாதாரணம். தம்பிக்கு மத்திய உதவி முழுவதும் உண்டு. பெற்றோரின் நிலை அவன் தகுதியைக் குறைக்காது. ஆனால் அவன் விண்ணப்பத்தில் பெற்றோரும் தங்கள் விவரத்தைத் தர வேண்டும். இன்றைய சூழலில் அந்த விவரம் யார் கைக்குப் போகும் என்று அவர்கள் அஞ்சுவதைத் தவறு என்று என்னால் சொல்ல முடியாது. குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பேசியபின் முடிவு செய்வது நல்லது. பல கல்லூரி வளாகங்களில் இதற்கான இலவச சட்ட ஆலோசனை கிடைக்கிறது.

தமிழ்க் குடும்பங்களைத் தொடும் இடம் ஒன்று உண்டு. எச்-1பி வேலை விசாவில் போன பெற்றோரோடு இரண்டு மூன்று வயதில் போன பிள்ளைகள், குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் சட்டப்படியே வளர்கிறார்கள். ஓர் ஆண்டின் வேலைவாய்ப்புவழி கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டுக்கும் சுமார் ஏழு விழுக்காடுதான் என்ற வரம்பு இருப்பதால் இந்தியர்களின் வரிசை பல்லாண்டு நீள்கிறது. அது நகர்வதற்குள் பிள்ளைக்கு 21 வயது ஆனால் எச்-4 முடிந்துவிடும். பிறகு எஃப்-1 விசாவுக்கு மாற வேண்டும், அல்லது வளர்ந்த நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். எஃப்-1 ஆனபின் பல மாநிலங்களில் வெளியார் கட்டணம்தான். டாக்காவும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2012இல் சட்டப்படி இருந்ததே அதற்குத் தடையாகிவிட்டது. 21ஆம் பிறந்தநாளைக் கணக்கில் வைத்து, பதினொன்றாம் வகுப்பிலேயே கல்லூரியையும் மாநிலத்தையும் பெற்றோர் யோசிக்கத் தொடங்குவது அவசியம். மாநிலக் கட்டணம் எச்-4இல் எதுவரை, எஃப்-1இல் உண்டா என்று ஒவ்வொரு கல்லூரியிடமும் எழுத்தில் கேளுங்கள்.

படித்து முடித்தால் என்ன செய்வது என்ற கேள்வியால் பலர் தொடங்குவதே இல்லை. செர்ஜியோ கார்சியா என்பவர் சிறு குழந்தையாகக் கலிபோர்னியாவுக்கு வந்தவர். சட்டம் படித்தார், வழக்கறிஞர் தேர்விலும் தேறினார். ஆவணம் இல்லாததால் உரிமம் தரலாமா என்ற கேள்வி மாநில உச்ச நீதிமன்றம்வரை போனது. 2014 ஜனவரியில் நீதிமன்றம் தரலாம் என்றது. அதே ஆண்டில் கலிபோர்னியா மற்றத் தொழில் உரிமங்களுக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்குப் பதிலாக வரி அடையாள எண்ணை ஏற்கச் சட்டம் செய்தது. கார்சியா சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது அந்தத் தீர்ப்பும் இல்லை, அந்தச் சட்டமும் இல்லை.