கரப்பானும் ஈரக் கைகளும்

கரப்பான் என்றதும், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோய் என அஞ்சி விலகி நிற்போர் நம்மிடையே இன்னும் உளர். மேனாட்டு மருத்துவர் 'எக்ஸிமா' எனக் குறிக்கும் இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவுவதன்று. மெல்லிய செதில்களைச் செங்கல்லாகவும் கொழுப்பைச் சாந்தாகவும் கொண்டு எழுந்த மதிலே நம் மேல்தோல். அச்சாந்து கரைந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். வெளியிலுள்ள காரம் உட்புகும். தோல் சிவந்து, அரித்து, நீர் கசிந்து, நாளடைவில் தடித்து வெடிக்கும்.

தேவராவிலிருந்து காயலைக் கடந்து மேற்கே சென்றால், மட்டாஞ்சேரியை அடுத்த கொச்சிக் கோட்டைப் பகுதியில் தமிழ் பேசும் சலவைத் தொழிலாளரின் துறையொன்று உண்டு. டச்சுப் படையினரின் உடைகளை வெளுப்பதற்காக இவர்தம் முன்னோர் தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்டனர் என்பர். நாள் முழுதும் நீரிலும் சோப்பிலும் சலவைக்காரத்திலும் தோயும் கைகளுக்குக் கரப்பான் வர வேறு காரணமும் வேண்டுமோ? இறால் உரிப்போர்க்கும், பாத்திரம் துலக்குவோர்க்கும் இதே இடர்தான்.

சலவைத் தொழிலாளர் மீது வெள்ளையர் சுமத்திய பழி ஒன்று உண்டு. தொடையிடுக்கில் தோன்றும் படைக்கு 'டோபி அரிப்பு' என்று பெயரிட்டனர். அது பூஞ்சைக் காளானால் வருவது. ஈரமும் வியர்வையும் அதனை வளர்க்கும். அப்பெயர் அநீதியென்றே கருதுகிறோம். ஆனால் மற்றொன்று மெய். துணிக்கு அடையாளமிடச் சேங்கொட்டைச் சாற்றைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். இந்தியாவிலிருந்த அமெரிக்கப் போர்வீரர் சிலருக்கு, அக்குறி பட்ட இடத்திலேயே தோல் கொப்பளித்ததை அவர்களுடைய மருத்துவர்கள் 1943-இல் எழுதி வெளியிட்டனர். ஒவ்வாத பொருள் தீண்டியதால் எழும் கரப்பான் அது.

ஆகவே முதற்கண் காரணத்தை ஆராய்தல் வேண்டும். அதனை விலக்க இயலாத தொழிலாயின், பருத்திக் கையுறை அணிந்து அதன்மேல் ரப்பர் உறை போடலாம். கையைக் கழுவியதும் நன்கு ஒற்றி, ஈரம் முற்றும் உலருமுன் வாஸலின் போன்ற களிம்பைத் தாராளமாகப் பூச வேண்டும். ஒருநாளில் எத்தனை முறையாயினும் குற்றமில்லை. வெந்நீரும் காரமான சோப்பும் ஆகா.

கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவுவதே இன்று பெருந்தீங்கு. ஸ்டீராய்டு கலந்த மருந்து கரப்பானை அடக்கும். படையையோ மறைவாக வளர்க்கும். வட்டமாகப் பரவி, விளிம்பு சிவந்து நடுவில் தெளிந்திருப்பது பெரும்பாலும் படை. இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவச் சீட்டின்றி விற்கலாகாதென 2018-இல் மத்திய அரசு விதித்தது. மருத்துவர் குறித்த நாளளவே அவற்றைப் பூசலாம். புண்ணில் சீழோ மஞ்சட்பொருக்கோ கண்டால், காய்ச்சல் தொடங்குமுன் அவரிடம் செல்க.