குத்தகைக்கு வந்தவர்களின் கோட்டை

தரங்கம்பாடியின் நகரவாயிலைத் தாண்டி ராஜ வீதியில் நடப்பவர்களுக்கு, புதுப்பித்த வீடுகளின் வெள்ளை முகப்புகளும் தூண் வைத்த தாழ்வாரங்களும் டென்மார்க்கின் கதையை மட்டுமே சொல்கின்றன. புதுப்பித்த நேர்த்தியில் குறை சொல்வதற்கில்லை. சொல்லப்படும் கதைதான் அரைகுறை. 1620இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் டேனிஷ் வணிகர்களுக்கு இடம் கொடுத்ததால் எழுந்தது டான்ஸ்போர்க் கோட்டை. தங்கத் தகட்டில் அவர் டென்மார்க் அரசருக்கு எழுதிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. வந்தவர்கள் தஞ்சைக்கு ஆண்டுதோறும் பணம் கட்டிக் குடியிருந்தார்கள். பாக்கி விழுந்தபோது தஞ்சைப் படை வந்து நின்றது. 1643க்குப் பிறகு 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. விரல்விட்டு எண்ணத்தக்க டேனிஷ்காரர்களே மிஞ்சிய அந்தக் காலத்திலும் கோட்டை கைமாறவில்லை. உள்ளூர் ஆட்களும் உள்ளூர் வணிகமும் தாங்கிப் பிடிக்காமல் இது எப்படி முடியும்?

1706இல் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதிப் பழகினார். 1715இல் புதிய ஏற்பாடு இங்கே தமிழில் அச்சேறியதற்கு அந்த மணல்தான் அடிப்படை. அதே ஆண்டுகளில், தங்கள் சமயம், சடங்கு, மருத்துவம் பற்றித் தமிழர்கள் எழுதிய பதில்கள் ஜெர்மானிய மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் நூலாயின. சீகன்பால்கு வாழ்ந்த வீட்டில் உள்ள அருங்காட்சியகம் இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பேசுகிறது என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான பயணிகளின் நடை கோட்டையிலும் பீரங்கியிலும் முடிந்துவிடுகிறது. கட்டடம் டேனிஷ்காரர்களுடையது, சீரமைப்புக்கு உதவியும் டென்மார்க்கிலிருந்து வந்தது, பிறகென்ன குறை என்று சிலர் கேட்கிறார்கள். உதவிக்கு நன்றி சொல்லலாம். அதற்காகக் குடியிருந்தவரை நிலத்துக்காரராகக் காட்ட வேண்டியதில்லை.

கவலையெல்லாம் கோட்டைக்கு அருகிலுள்ள மாசிலாமணிநாதர் கோயிலைப் பற்றியதுதான். டேனிஷ் கப்பல் வருவதற்கு முந்நூறு ஆண்டு முன்பே, 1306இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது அது. அதன் முன்பகுதியைக் கடல் ஏற்கெனவே விழுங்கிவிட்டது. பாறைகளைக் கொட்டித்தான் மிச்சத்தைக் காக்க வேண்டியிருக்கிறது. கடலோடு மல்லுக்கட்ட முடியாது என்பவர்கள், அதே கடலின் எதிரே கோட்டை மட்டும் சீராக்கப்பட்டு நிற்பதைப் பார்க்க வேண்டும். கோட்டைக்கு நுழைவுச்சீட்டு வாங்குபவரின் கையில் தரும் தாளிலேயே இந்தக் கோயிலுக்கும் வழி இருக்கட்டும். அடுத்த பங்களாவுக்குச் சாந்து பூசும் முன், கரை அரிப்பைத் தடுக்கப் பணம் ஒதுக்கட்டும்.