சார்ஜரின் மறுப்பு

தச்சுத் தொழிலில் உளியும் இழைப்புளியும் இன்னும் தம் இடத்தை இழந்துவிடவில்லை. ஆயினும் திருகாணி முடுக்குவதற்கும், துளையிடுவதற்கும், பலகை அறுப்பதற்கும் பாட்டரியால் இயங்கும் கருவிகள் பட்டறைகளிலும், கட்டடம் எழும் இடங்களிலும் பெருகிவிட்டன. கருவியை இயக்கும்போது நாம் கவனமாகவே இருக்கிறோம். சுழலும் முனையும் பல் வைத்த தகடும் கண்ணுக்குத் தெரியும் அபாயங்கள். ஆனால், வேலை முடிந்தபின் சுவரோரத்தில் சார்ஜரின்மேல் அமர்ந்து மின்சாரம் ஏற்றிக்கொண்டிருக்கும் பாட்டரியை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதைப் பற்றியே இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பெட்டிக்குள் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்று குறிக்கப்பட்ட பாட்டரி ஒன்றில் 90 வாட்-மணி சக்தி அடங்கியிருக்கிறது. 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்றை 600 மீட்டருக்கு மேல் தூக்கி நிறுத்த இது போதும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரத்தைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு அது. இந்தச் சக்தி சிறிது சிறிதாக வெளிவந்தால் வேலை நடக்கிறது. சில நிமிடங்களில் ஒருங்கே வெளிப்பட்டால் தீ மூள்கிறது.

கம்பியில்லாத துளையிடும் கருவியை 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் வெளியிட்டது. அதில் இருந்தது நிக்கல்-காட்மியம் பாட்டரி. அந்த இனம் சற்று முரட்டுத்தனத்தைத் தாங்கும். அளவுக்கு மீறிச் சிறிது நேரம் மின்சாரம் ஏறினாலும் சூடேறி நிற்குமேயன்றிப் பெரும்பாலும் தீப்பற்றாது. லிதியம்-அயான் பாட்டரி 1991-இல் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கிய அறிஞர் மூவருக்கு 2019-இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்றைய கைக்கருவிகளில் பெரும்பாலும் இருப்பது இதுவே. எடை குறைவு, வலிமை மிகுதி; ஆனால் பொறுமை குறைவு. பழைய பாட்டரியிடம் பழகிய வழக்கங்களைப் புதியதிடமும் காட்டுவதுதான் பல விபத்துகளுக்கு வேர்.

18 வோல்ட் பாட்டரியின் உள்ளே சிறு மின்கலங்கள் ஐந்தைந்தாகத் தொடரில் இணைக்கப்பட்டிருக்கும். பொதுவாக ஒரு கலம் 4.2 வோல்ட்டை எட்டும்போது நிரம்பிவிட்டது என்று பொருள். அதற்குமேல் மின்சாரத்தைத் திணித்தால், கலத்தினுள் லிதியம் உலோகமாகப் படியத் தொடங்கும். வெப்பமும் வாயுவும் உண்டாகும். கலத்தில் நிறைந்துள்ள கரைப்பான் எளிதில் தீப்பற்றக்கூடியது. ஒரு கலம் கட்டுமீறிச் சூடானால், அந்த வெப்பமே அடுத்த கலத்தையும் எரியச் செய்யும்.

எனவே சார்ஜரின் கடமை மின்சாரத்தைக் கொடுப்பது மட்டுமன்று. உரிய சமயத்தில் கொடுக்க மறுப்பதும் ஆகும். நல்ல சார்ஜர் முதலில் சீரான மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. கலங்கள் நிரம்பும் தறுவாயில் வோல்ட்டை நிலையாக வைத்துக்கொண்டு ஓட்டத்தைக் குறைக்கிறது, பிறகு நிறுத்திவிடுகிறது. பாட்டரியின் வெப்பநிலையையும் அது கவனிக்கிறது. பாட்டரியின் அடியில் நேர், எதிர் முனைகளைத் தவிர வேறு சில முனைகளும் இருப்பது இத்தகைய செய்திகளைப் பரிமாறிக்கொள்வதற்காகவே. சார்ஜரில் சிவப்பு விளக்குச் சிமிட்டினால், அது பழுதன்று, ஒரு செய்தி. அந்தச் செய்திகளுள் மூன்றை இங்கே விளக்குகிறேன்.

முதலாவது, "பாட்டரி சூடாக இருக்கிறது" என்பது. கடும் வேலை செய்து கழற்றிய பாட்டரியும், வெயிலில் நிறுத்திய வண்டியில் கிடந்த பாட்டரியும் சுடும். 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் மின்னேற்ற வேண்டாமென்று பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் கூறுகின்றன. நம் ஊரில் சித்திரை, வைகாசி வெயிலில் பட்டறையின் தகரக் கூரைக்கடியில் இந்த அளவு எளிதில் கடந்துவிடும். நிழலில் வைத்து ஆறவிடுங்கள். தண்ணீரில் நனைத்தோ பனிக்கட்டி வைத்தோ குளிர்விக்க வேண்டாம்.

இரண்டாவது, "பாட்டரி அளவுக்கு மீறி வற்றிவிட்டது" என்பது. பல மாதம் பயனின்றிக் கிடந்த பாட்டரியைச் சார்ஜர் ஏற்க மறுக்கக்கூடும். அப்போது வேறொரு பாட்டரியிலிருந்து கம்பியிழுத்து அதற்கு உயிரூட்டுவது பல பட்டறைகளில் கைப்பழக்கமாக இருக்கிறது. இது மிகவும் தவறானது. மிகவும் வற்றிய கலத்தினுள் செப்புத் தகடு கரைந்து, மறுபடி மின்னேற்றும்போது கண்டபடி படிந்து, உள்ளேயே குறுக்கிணைப்பை உண்டாக்கக்கூடும். அன்று அந்தப் பாட்டரி வேலை செய்வதாகவே தோன்றும். தீ பின்னொரு நாள் வரும்.

மூன்றாவது, "இது என் பாட்டரி அன்று" என்பது. ஒரே வோல்ட் என்பதால் மட்டும் ஒரு நிறுவனத்தின் பாட்டரியை மற்றொன்றின் சார்ஜரில் ஏற்றலாகாது. முனையைச் செதுக்கிப் பொருத்துவதும், விலை மலிவான ஒட்டுக்கருவியை நடுவில் வைப்பதும், காவற்காரனின் கண்ணைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

பாட்டரியின் விலை, சில சமயம் கருவியின் விலைக்கு இணையாகவே இருக்கிறது. நாட்கூலிக்கு வேலை செய்யும் ஒருவருக்குப் புதிது வாங்குவது எளிதன்று என்பதை நான் அறிவேன். இருப்பினும் அந்தத் தொகையை எதனோடு ஒப்பிட வேண்டும்? பட்டறையின் பின்பகுதியிலேயே குடும்பத்துடன் உறங்குவோர் நம்மிடையே பலர். அங்கே இரவில் எழும் புகை நச்சுத்தன்மை உடையது. தீயைக் காட்டிலும் விரைந்து பரவுவது.

ஆதலால் மின்னேற்றும் இடத்தையும் ஆராய்ந்து தேர்ந்துகொள்ள வேண்டும். மரத்தூளும் இழைப்புச் சுருளும் வார்னிஷும் தின்னரும் அருகில் இருக்கலாகாது. சிமெண்டுத் தரையோ கல் பலகையோ நல்லது. சார்ஜரின் காற்றுத் துளைகளைத் துணியால் மூடாதீர்கள், மழைச்சாரல் படவிடாதீர்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஏற்றி, நிரம்பியதும் கழற்றிவிடுங்கள். ஆணி, திருகாணி கிடக்கும் பையில் பாட்டரியைப் போடலாகாது. அவை முனைகளை இணைத்துவிடும். உயரத்திலிருந்து விழுந்ததும், உப்பியதும், நனைந்ததும், இனிய வாடை வீசுவதுமான பாட்டரியைச் சார்ஜரில் வைக்கவே வேண்டாம். அதை வீட்டுக்கு வெளியே தனியாக வைத்து, முனைகளை நாடாவால் மூடி, பழைய பாட்டரி சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். குப்பையில் எறிதல் கூடாது. 2022-இல் வந்த பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளரிடம் வைத்திருக்கின்றன.

புகையோ சீறும் ஒலியோ எழுந்தால் பாட்டரியைக் கையில் எடுக்க முயல வேண்டாம். எட்டினால் மின்சாரத்தை நிறுத்துங்கள், எல்லாரையும் வெளியேற்றுங்கள், 101 என்ற எண்ணில் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள்.

நாளை பட்டறையைத் திறந்ததும் உங்கள் சார்ஜர் இருக்கும் இடத்தை ஒருமுறை பாருங்கள். அதைச் சுற்றியுள்ள தூளைப் பெருக்கி, அதன் கையேட்டில் விளக்குகளின் பொருள் எழுதியிருக்கும் பக்கத்தைச் சுவரில் ஒட்டி வையுங்கள். உங்களிடம் வேலை பழகும் பையனுக்கும் அதைப் படித்துக் காட்டுங்கள்.