மின்னளக்கும் வகை

பொருள்களை அளக்க நம் முன்னோர் நான்கு வழிகளை வகுத்தனர். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்பன அவை. தேங்காயை எண்ணுகிறோம், வெல்லத்தை நிறுக்கிறோம், பாலை முகக்கிறோம், துணியை முழமிடுகிறோம். கண்ணுக்குப் புலப்படாத மின்சாரத்தை எவ்வாறு அளப்பது? நாழியில் முகக்க இயலுமோ? தட்டில் இட்டு நிறுக்க இயலுமோ?

நிறுத்தே அளந்தார் ஒருவர் என்றால் வியப்பீர்கள். 1882ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் மின்நிலையம் நிறுவிய தாமஸ் ஆல்வா எடிசனே அவர். துத்தநாகத் தகடுகளை அதன் உப்புக் கரைசலில் அமிழ்த்தி, வீட்டிற்குச் செல்லும் மின்சாரத்தில் ஒரு சிறு பகுதியை அதன் வழியே செலுத்தினார். மின்சாரம் செல்லச் செல்ல, ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றொன்றிற் படியும். நிலையத்தார் தகட்டை எடுத்துச் சென்று நிறுத்துக் கட்டணம் விதித்தனர். வீட்டுக்குரியவர் அக்கலத்தைப் பார்த்து யாதொன்றும் அறிய இயலாது; நிலையத்தார் சொன்னதே கணக்கு. 1889இல் ஹங்கேரி நாட்டுப் பொறியாளர் ஓட்டோ பிளாத்தி சுழலும் தகட்டையுடைய மின்மானியை அமைத்தார். இக்காலத்து மானிகளில் அத்தகடும் இல்லை. சிறு செவ்விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னுகிறது. நிறுத்தலில் தொடங்கிய அளவை எண்ணலில் வந்து நின்றது.

அவ்வெண்ணலின் பயனை எனக்குக் கற்பித்தவள் என் பெயர்த்தி. சென்ற ஆண்டுக் கோடையில் எங்கள் வீட்டு மின்கட்டணம் முன்னினும் மிகுந்தது. தேர்வுக்காக அவள் நள்ளிரவு வரை விளக்கெரித்துப் படித்ததே காரணம் என்று கருதிக் கடிந்துகொண்டேன். அவள் முகம் வாடினாள். எனினும் எதிர்த்துப் பேசவில்லை. “தாத்தா, விளக்கைக் குறை கூறுமுன் அளந்து பார்க்கலாமே” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாட் காலை கைக்கடிகாரமும் குறிப்பேடுமாக இருவரும் மானியின் முன் நின்றோம். அதன் முகப்பில் 3200 என்று பொறித்திருந்தது. ஒரு யூனிட் செலவானால் செவ்விளக்கு 3200 முறை மின்னும் என்பது அதன் பொருள். ஆயிரம் வாட் ஆற்றலுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஆகும் செலவே ஒரு யூனிட். அஃதாவது 36,00,000 ஜூல். இதனை 3200 ஆல் வகுத்தால் 1125 கிடைக்கும். ஆகவே, ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையே செல்லும் வினாடிகளால் 1125 ஐ வகுத்தால், அப்போது செலவாகும் வாட் எத்துணை என்பது விளங்கும். மானியைத் தொடவும் வேண்டா, திறக்கவும் வேண்டா, பார்த்தாற் போதும்.

வீட்டிலுள்ள எல்லாவற்றையும் நிறுத்தினோம். குளிர்ப்பெட்டியையும் சிறிது நேரம் நிறுத்தினோம். விளக்கு மின்னாது என எதிர்பார்த்தேன். அதுவோ 112 வினாடிக்கு ஒருமுறை மின்னிக்கொண்டே இருந்தது! ஏறத்தாழப் பத்து வாட் எங்கோ கசிகிறது. அறை அறையாகத் தேடினோம். பொங்கலுக்கு நான் வாங்கிய தொலைக்காட்சி இணைப்புப் பெட்டியே அது. இரவில் கையிலுள்ள விசையை அழுத்தி அதனை உறங்க வைத்துவிட்டதாக நான் எண்ணியிருந்தேன், அஃது உறங்கவேயில்லை. அதன் செருகியைப் பிடுங்கியதும் செவ்விளக்கு அடங்கியது.

பின்னர் அவள் விளக்கை மட்டும் ஏற்றினோம். 125 வினாடிக்கு ஒரு மின்னல், ஒன்பது வாட். நாளுக்கு மூன்று மணி வீதம் அறுபது நாள் எரிந்தால் ஒன்றேமுக்கால் யூனிட்டும் ஆகாது. என் பெட்டியோ இரவும் பகலும் விழித்திருந்து, அதே அறுபது நாளில் பதினான்கு யூனிட்டுக்கு மேல் உண்டிருக்கிறது. கடிந்த சொல்லை அன்றே மீட்டுக்கொண்டேன்.

ஏறத்தாழ அவ்வளவே ஒளி தரும் பழைய இழை விளக்கு அறுபது வாட் கொள்ளும். அதன் பெரும்பகுதி வெப்பமாகவே கழியும். கூடத்து மின்விசிறி 15 வினாடிக்கு ஒரு மின்னல் காட்டியது. அஃது 75 வாட். பழைய தடைப்பெட்டியைத் திருகி வேகத்தைக் குறைத்தோம். காற்றுக் குறைந்த அளவிற்குச் செலவு குறையவில்லை. மிச்சம் அப்பெட்டியிலேயே சூடாகக் கழிந்தது.

சிலர் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் தனித்தனியே அளந்து பெருக்கி விடை காண்பர். இழை விளக்கிற்கு அது பொருந்தும். இக்காலச் சிறு விளக்குகளிலோ மின்னோட்டம் சீராகச் செல்லாது விட்டுவிட்டுப் பாய்வதால், பெருக்கி வந்த தொகை மெய்ச்செலவினும் மிகும். சிலவற்றில் இரு மடங்கை நெருங்கவும் கூடும். வீட்டு மின்மானி இரண்டையும் கணந்தோறும் பெருக்கிக் கூட்டுவதால் மெய்ச்செலவையே காட்டும்.

குளிர்ப்பெட்டியைச் சில மணித்துளிகளில் அளக்க முயல்வது வீண். அது தானே இயங்கித் தானே நிற்பது. செருகிக்கும் துளைக்கும் இடையே பொருத்தும் சிறு மானி ஒன்றை வைத்து ஒரு நாள் முழுதும் அளத்தல் வேண்டும். விண்மீன் குறியிட்ட சீட்டில் அதன் ஆண்டுச் செலவு அச்சிடப்பட்டிருக்கும். ஆயினும் அஃது ஆய்வுக்கூடத்திற் கண்ட அளவு. நம் அடுக்களையின் வெம்மையையும், நாம் கதவைத் திறக்கும் தொகையையும் அச்சீட்டு அறியாது.

பெயர்த்தி இப்போது அடுத்த வீட்டிற்கும் அளந்து கொடுக்கப் புறப்பட்டுவிட்டாள். அவர்கள் மின்விசிறி தன் விசிறியிற் பாதியே செலவிடுவதாகக் கண்டு வியந்து ஓடிவந்தாள். சென்று பார்த்தேன். அம்மானியின் முகப்பில் 1600 என்றிருந்தது. அங்கே வகுக்க வேண்டிய எண் 2250.