தொழிலாளர் தொகையும் தேயிலை ஆராய்ச்சியும்

ஒரு தொழிலில் எத்தனை பேர், எவ்வயதினர் உழைக்கின்றனர் என்பதற்கும், அத்தொழில் நடத்துவோர் புதுமை காணச் செலவிடும் பொருளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கூலி மலிந்த இடத்தில் கருவியைத் திருத்த முதலாளி முனையார். ஆள் அருகிய இடத்திலேயே கருவி பிறக்கும். பொருளியலறிஞர் ஹிக்ஸ் 1932 இல் இக்கருத்தை விளக்கினார். இதற்கு நம் மலைநாடே தக்க சான்றாகும்.

இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 இல் நிறுவப்பட்டது. நுவரெலியாவில் தொடங்கிய அது, பின்னர்த் தலவாக்கலைச் சென்கூம்ஸ் தோட்டத்துக்கு மாறிற்று. ஏற்றுமதித் தேயிலைமீது விதித்த தீர்வையே அதற்குப் பொருள் தந்தது. அந்நிலையத்தின் கருத்துப் பெரிதும் செடியின்பாற் சென்றது. 1946 இல் கொப்புள நோய் பரவியபோது, செப்பு மருந்து தெளித்து அதனை அடக்கும் முறை வகுக்கப்பட்டது. வெட்டுத்துண்டால் வளர்க்கத்தக்க உயர்விளைச்சல் இனங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன, டி.ஆர்.ஐ. 2025 அவற்றுட் பெயர் பெற்றது. ஆயின், கொழுந்து பறிக்கும் முறையோ, 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிடப்பட்ட காலத்தில் இருந்தவாறே இருந்தது.

காரணம் யாது? லயங்களில் ஆள் நிறைந்திருந்தனர். தாய்க்குப்பின் மகள் கூடை சுமந்தாள். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான அவர்க்குப் பிற தொழில்களின் வாயில்கள் பெரும்பாலும் அடைபட்டிருந்தன. போகவியலாத தொழிலாளியின் உழைப்பைக் குறைக்கும் கருவிக்குப் பொருள் செலவிடுவார் யார்?

இந்நிலை படிப்படியாக மாறிற்று. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இந்தியா 5,25,000 பேரை ஏற்க இசைந்தது. பலர் கடல் கடந்தனர். எஞ்சியோர் காலப்போக்கில் குடியுரிமை பெற்றனர்; பிள்ளைகள் கல்வி பெற்றுக் கொழும்புக் கடைகளையும் ஆடைத் தொழிற்சாலைகளையும் வெளிநாடுகளையும் நாடினர். மலையில் நிரை பிடிப்போர் குறைந்தனர். அவருள் முதியோர் விகிதம் கூடிற்று. அதன் பின்னரே பறிப்புக் கத்தரியும் பொறியும் தோட்டங்களில் முதன்மை பெறலாயின.

யப்பான் இவ்வழியில் முன்னரே சென்றது. அங்கு ஆள் அருகவே கத்தரியும், பின்னர்ப் பொறியும் வந்தன. செடிகளும் பொறிக்கேற்ற நிரைகளாக அமைக்கப்பட்டன. நம் செங்குத்தான சரிவுகளில் அது எளிதன்று. கத்தரி, இரண்டு இலையும் மொட்டும் என்ற அளவறியாது முற்றிய இலையையும் சேர்த்து வெட்டுவதால் தரம் குன்றும். பொறிக்கேற்ற மறுநடுகை பல்லாண்டு கழித்தே பயன் தரும். 1992 முதல் தோட்டங்களை நடத்தும் கம்பனிகளோ குத்தகையாளரே. குத்தகை முடிவு நெருங்க நெருங்க, நெடுங்கால முதலீட்டில் ஊக்கம் தளர்தல் இயல்பு.

வேறொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. கருவியால் கொழுந்தின் நிறை கூடும்போது, நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய அளவை மட்டும் உயர்த்தினால், ஆராய்ச்சியின் பயன் தொழிலாளியைச் சேராது. ஐம்பது வயதுப் பெண்ணின் தோளுக்கும் முதுகுக்கும் ஏற்ற கருவியும், கூடிய விளைவில் அவளுக்கு உரிய பங்கும் அமைதல் வேண்டும். அவை அமையாவிடின், எஞ்சிய இளையோரும் மலையிறங்குவர். சிறந்த இனச் செடி இருந்தும் பறிக்க ஆளிராது.