புழுங்கல் அரிசி சொன்ன பாடம்

நூறு ஆண்டுகளுக்கு முன்பு மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கில் பலிகொண்டது. கால்கள் மரத்து, உடல் வீங்கி, இதயம் செயலிழந்து மாண்டனர். ஆனால், தோட்டப்புறத் தமிழர்களிடம் அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. ஏன்?

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இவர்களின் சோற்றைக் கவனித்தார். சீனர்கள் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி.

1905 டிசம்பரில் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் இதைக் கோலாலம்பூர் மனநோயாளிகள் காப்பகத்தில் சோதித்தார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண்காரர்களுக்குப் பச்சரிசியும் இரட்டைப்படை எண்காரர்களுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். மற்ற உணவு இரு பிரிவுக்கும் ஒன்றே. ஏறக்குறைய ஓராண்டில் பச்சரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். மற்றப் பிரிவில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. இத்தகைய சோதனையை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது.

யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை, இவர்களிடையே என்ன வேறுபாடு என்று கணக்கெடுக்கும் துறையே நோய்ப்பரவலியல். வைட்டமின் பி1 என்ற பெயர்கூட அப்போது இல்லை. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு அந்தச் சத்து போய்விடுகிறது. நெல்லை அவிக்கும்போது அரிசிக்குள் இறங்கித் தங்குகிறது. இது பின்னரே தெரிந்தது. காரணம் புரியும் முன்பே தடுக்கும் வழி கிடைத்துவிட்டது.

டிங்கி, இனிப்புநீர் பற்றிய இன்றைய கணக்கெடுப்புகளும் இதே கேள்விகளைத்தான் கேட்கின்றன. “எங்கள் வீட்டில் யாருக்கும் நோய் இல்லையே” என்று அதிகாரிகளைத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம். அன்று விடை கிடைத்தது, நோய் வராதவர்களின் சோற்றுத் தட்டிலிருந்துதான்.